நீலம் ஒட்டாத நாக்கு

அத்தியாயம் ஒன்பது

டோர்கெல் ஜீப்பின் பக்கக் கண்ணாடியில் நாக்கை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"தலைவி, நான் செத்துட்டேன்னு நினைக்கிறேன். நாக்கு நீலமாயிடுச்சு."

"புளூபெரி சூப் குடிச்சா அப்படித்தான் ஆகும்," என்றாள் டாக்னி.

"விசாரணைக்காகத்தான் குடிச்சேன்."

"விசாரணைக்கு ஒரு கோப்பை போதும். பாத்திரம் காலியாயிடுச்சு."

டாக்னி ஹெட்மான் அதற்குமேல் பேசவில்லை. அவள் பேசாமல் இருப்பதை அளக்க லுங்ஸ்யோ காவல் நிலையத்தில் டோர்கெல் ஓர் அளவுகோல் வைத்திருந்தான். சிகரெட் மௌனம், காப்பி மௌனம், சாப்பாட்டு மௌனம். இது காப்பி மௌனம் என்று கணித்துக்கொண்டு, அவன் நாக்கை உள்ளே இழுத்து ஜீப்பில் சாய்ந்து நின்றான்.

எதிரே ஸ்ப்ரூஸ் மரங்களுக்கு நடுவே பனிச்சறுக்குப் பாதை மேடேறிப் போனது. ஞாயிற்றுக்கிழமை நடந்த கரடிமலைப் பந்தயத்தில், இதே இடத்தில்தான் சூப் கூடாரம் போட்டிருந்தார்கள். பந்தயக்காரர்கள் நிற்காமலே கை நீட்டிச் சூடான, இனிப்பான புளூபெரி சூப்பை வாங்கிக் குடித்துவிட்டுப் போவார்கள். ஹோகனும் வாங்கினார். கூடாரத்தைத் தாண்டி, மேட்டின் உச்சியில் நினைவு தப்பி விழுந்தார்.

ஹோகன் ஊர் பனிச்சறுக்குக் கழகத்தின் பயிற்சியாளர். சிறுவயது முதல் சர்க்கரை நோய். இன்சுலின் ஊசியோடு வளர்ந்த உடம்பு. பிழைத்துக்கொண்டதும் ஒரு வாக்குமூலம் கொடுத்தார். 'கூடாரத்தில் நின்ற மேர்த்தா தன் சொந்த ஃபிளாஸ்கிலிருந்து சூப் ஊற்றிக் கொடுத்தாள். அதில் சர்க்கரை இருக்கும், ஓட்டத்தில் இறங்குவதை அது ஏற்றும் என்று நம்பிக் குடித்தேன். அதுதான் என்னைச் சாய்த்தது.' ஃபிளாஸ்கைச் சோதித்தார்கள். இனிப்பூட்டி மட்டும் இருந்தது. சர்க்கரை ஒரு துளியும் இல்லை.

மேர்த்தா இப்போது காவலில் இருக்கிறாள். வாயே திறக்கவில்லை.

அவள் எதற்காகச் செய்திருப்பாள் என்று ஊரில் யாரும் கேட்கவில்லை. எல்லோருக்கும் தெரியும். அவள் தம்பி எலிஸ் ஹோகனின் மாணவன். அவனுக்கும் அதே நோய். போன வருடத்துக்கு முந்தின குளிர்காலத்தில், பயிற்சிக்குத் தனியாகப் போனவன் பாதையிலேயே சர்க்கரை இறங்கி விழுந்து, பனியில் விறைத்துச் செத்தான். அப்போது நடந்த விசாரணையில் ஹோகன் சொன்ன வாசகம் பத்திரிகையில் வந்து ஊருக்கே மனப்பாடம். 'சர்க்கரை இறங்கினால் உடம்பே கத்திச் சொல்லும். பையன் கேட்கவில்லை.' அதோடு வழக்கை மூடிவிட்டார்கள்.

மேர்த்தா விடவில்லை. ஒவ்வொரு கதவாகத் தட்டி மறுவிசாரணை வாங்கினாள். அது நாளைக் காலை. செத்த அன்று எலிஸ் அக்காவிடம் தொலைபேசியில் பேசியிருக்கிறான். பையிலிருந்த சர்க்கரை ஜெல்லையெல்லாம் கோச் பிடுங்கி வைத்துக்கொண்டார், இல்லாமலே ஓடிப் பழகு என்கிறார் என்று சொல்லியிருக்கிறான். அதைக் கேட்டது அவள் ஒருத்திதான். நாளைக் காலை அவளே கொலை முயற்சிக் கைதி என்றால், அந்தப் பேச்சை யார் நம்புவார்கள்?

"பழி வாங்கிட்டா. ஊரே சொல்லுது," என்றான் டோர்கெல்.

"ரெண்டு குளிர்காலம் காத்திருந்தவ, இன்னும் ரெண்டு மூணு நாள் காத்திருக்க மாட்டாளா?"

பகை வைத்திருப்பவர்களை டாக்னிக்கு ஓரளவு தெரியும். அவர்கள் அவசரப்படுவதில்லை. அடுப்புத் தணலைச் சாம்பலால் மூடுவது போல மூடி வைத்திருப்பார்கள். மூடி வைத்த தணலை, ஊதப்போகிற நேரத்தில் யாராவது தண்ணீர் ஊற்றி அணைப்பார்களா? இந்த வழக்கில் பழிவாங்கல் இருக்கிறதுதான். ஆனால் அது இருக்க வேண்டிய இடத்தில் இல்லை.

பனி ஸ்கூட்டர் ஒன்று இரைச்சலோடு வந்து நின்றது. இல்வா இறங்கினாள். ஊரின் தாதி, பந்தய நாளில் மேட்டு உச்சியில் மருத்துவச் சறுக்கு வண்டியோடு நின்றவள். ஹோகன் விழுந்ததும் ஓடிப் பிடித்தது அவள்தான்.

"பாதையில காடு மைல் கணக்குல கிடக்கு," என்றான் டோர்கெல். "விழறதுக்கு அவருக்கு உங்க காலடிதான் கிடைச்சுதா?"

"நானும் அதைத்தான் நினைச்சேன். ஆனா சர்க்கரை நிஜமாவே பாதாளத்துல இருந்தது. நானே குத்திப் பாத்தேன். நடிப்பில்லை."

"விழுந்தவருக்கு என்ன செஞ்சீங்க?" என்றாள் டாக்னி.

"முதல்ல ஊசி. குளுக்ககான், சர்க்கரையை ஏத்தறது. கண் முழிச்சதும் வாயைத் திறக்கச் சொல்லி, கன்னத்துக்கு உள்பக்கம் ஜெல் தடவினேன்."

"நாக்கு எப்படி இருந்தது?"

இல்வா யோசித்தாள். டாக்னி டோர்கெலைப் பார்த்தாள். அவன் கடமை தவறாமல் நாக்கை நீட்டினான்.

இல்வாவின் முகம் மெல்ல மாறியது. "இப்படி இல்லை. பச்சைக் குழந்தை நாக்கு மாதிரி இளஞ்சிவப்பா இருந்தது."

"சூப் குடிச்சு கொஞ்ச நேரம்கூட ஆகலை."

"ஆமா."

ஒரு கிளையிலிருந்து பனி பொத்தென்று விழுந்தது.

"அவர்கிட்ட வேற என்ன இருந்தது?"

"இடுப்புப் பையில ரெண்டு ஜெல், பிரிக்காம. அப்புறம் மார்புக்குள்ள ஒரு காகிதக் கோப்பை, கசக்கி வெச்சிருந்தார். குப்பைன்னு தூக்கிப் போட்டுட்டேன்."

டோர்கெல் சிரித்துவிட்டான். "கோப்பையை மார்புல அணைச்சுக்கிட்டு ஓடினாரா? காதல் கடிதமா அது?"

"கூடாரத்தைத் தாண்டி வெள்ளைக் கொடி ஒண்ணு நட்டிருப்பாங்க," என்றாள் டாக்னி. "அதுக்குள்ள கோப்பையைச் சாக்குல போடணும். அதைத் தாண்டி காட்டுல எறிஞ்சா பந்தயத்துலேர்ந்து தூக்கிடுவாங்க. குடிச்சவன் கொடிக்கு முன்னாடியே போட்டிருப்பான். இவர் கொடியைத் தாண்டியும் கோப்பையை வெச்சிருந்தார். ஏன்னா அதுல இன்னும் சூப் இருந்தது."

"சூப்பைக் கொட்டினவர் கோப்பையையும் எறிஞ்சிருக்கலாமே."

"காட்டுலயா?" என்று இல்வா கேட்ட தொனியில் டோர்கெல் சற்றுக் கூசிப்போனான். இந்த ஊரில் பிறந்தவன் அடுத்தவனைக் கெடுத்தாலும் கெடுப்பான். காட்டில் குப்பை போடமாட்டான். நடக்கப் பழகும்போதே கூடப் பழகுவது. கை அதைத் தானாகச் செய்யும்; மூளையைக் கேட்காது.

"கொடியைத் தாண்டின வளைவுல, பெரிய ஸ்ப்ரூஸுக்குப் பின்னாடி கொஞ்சம் ஒதுங்கினார்," என்றாள் இல்வா. "மூக்குச் சிந்தறார்னு நினைச்சேன்."

ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு புதுப் பனி விழுந்திருந்தது. டோர்கெல் மண்வெட்டியை எடுத்தான். மேல் பனியைச் சீவச் சீவ, "அரசாங்கம் எனக்குக் கொடுக்கற சம்பளத்துக்கு வெள்ளையை அள்ளி வெள்ளை மேலயே போட்டுக்கிட்டிருக்கேன்," என்று முனகினான். பிறகு முனகல் நின்றது.

மரத்தடியில், பழைய பனியின் மேல், உள்ளங்கை அகலத்துக்கு ஊதா நிறக் கறை. உறைந்து, ஒரு பூவை அழுத்தி வைத்தது போல அப்படியே இருந்தது.

டாக்னி குனிந்து அதையே பார்த்தாள். இந்த முறை சிகரெட் மௌனம்தான்.

"இல்வா, மேர்த்தா ஏன் சர்க்கரையில்லாத சூப் கொண்டு வந்தா?"

"அவளுக்கும் இதே வியாதிதானே. நின்னுக்கிட்டே இருக்கற வேலைக்கு அவ அதைத்தான் எடுத்துட்டு வருவா. கழகத்துல எல்லாருக்கும் தெரியும். போலீஸ்ல யாரும் என்னைக் கேக்கலை."

"ஹோகனுக்கும் தெரியுமா?"

"அவர்தானே அவளுக்கும் பயிற்சி கொடுத்தார்."

டோர்கெல் மண்வெட்டியில் சாய்ந்தான். "அப்ப தெரிஞ்சே வாங்கி, குடிக்காமக் கொட்டிட்டு, இன்சுலினை அதிகமாப் போட்டுக்கிட்டு விழுந்தாரா? உசுரைப் பணயம் வெச்சா?"

"உங்க காலடியில விழறதுக்குன்னே வந்தவரைப் பத்தி ஒண்ணு கேக்கணும்," என்றாள் டாக்னி இல்வாவிடம். "வாக்குமூலத்துல கை நடுங்கிச்சு, வேர்த்துக் கொட்டுச்சு, நடுக்கத்துல ஜெல்லைப் பிரிக்க முடியலைன்னு சொல்லியிருக்கார். அப்படி ஆகுமா?"

"ஆகும். சர்க்கரை இறங்கினா உடம்பு ரெண்டு ஆளை அனுப்பும். ஒருத்தன் குளுக்ககான். ஈரல் கதவைத் தட்டி, இருப்புல இருக்கற சர்க்கரையை வெளிய எடுப்பான். இன்னொருத்தன் அட்ரினலின். ஊரையே எழுப்புவான். நடுக்கம், வேர்வை, படபடப்பு எல்லாம் அவன் வேலை. இந்த வியாதி பழசாச்சுன்னா முதல் ஆள் சர்க்கரை இறங்கும்போது வேலைக்கு வரமாட்டான். ரெண்டாவது ஆளை நம்பித்தான் ஓடணும்."

"அவனும் வராமப் போனா?"

"அடிக்கடி சர்க்கரையை இறங்க விட்டா அவனும் சலிச்சுப் படுத்துடுவான். நேத்து இறங்கியிருந்தா இன்னிக்கு ஓடறப்ப அரைகுறையாத்தான் வருவான். பழக்கமாவே பட்டினி போட்டு ஓடினா ஒருநாள் வரவே மாட்டான். மனுஷன் நல்லாத்தான் இருக்கேன்னு நினைச்சுக்கிட்டே விழுவான்."

"எங்க வீட்டுப் புகை மணி மாதிரி," என்றான் டோர்கெல். "ரொட்டி கருகினதுக்கெல்லாம் கத்திச்சு. பேட்டரியைக் கழட்டி டிவி ரிமோட்ல போட்டுட்டேன்."

"எலிஸுக்கு அந்த மணி இருந்ததா?"

இல்வா தலையை ஆட்டினாள். "இருந்திருக்காதுன்னு நான் அப்பவே சொன்னேன். ஹோகனுக்கு முப்பது வருஷம் அதே வியாதி. அவரே கத்தும்னு சொன்னப்புறம் என் பேச்சு எடுபடலை. சர்க்கரையை அளக்க கையில ஒட்டற சென்சார்கூட அவர் போடமாட்டார். தன் உடம்புதான் தனக்குக் கருவின்னு பெருமை பேசுவார்."

டாக்னி மண்வெட்டியை வாங்கி ஜீப்பின் பின்னால் போட்டாள். "அந்தக் கருவியைப் பாத்துட்டு வரலாம். நீங்களும் வாங்க. ஊசிப்பெட்டி இருக்குல்ல?"

ஹோகன் தன் வீட்டு முற்றத்தில் விறகு பிளந்துகொண்டிருந்தார். சாவிலிருந்து திரும்பியவர் எப்படி இருக்கிறார் என்று ஊர் பார்க்கட்டும் என்பது போல, சாலையைப் பார்த்தபடி நின்று வெட்டினார். காலருகே கறுத்த ரோமத்தோடு ஒரு லாப்லாந்து நாய்.

"வாங்க வாங்க. மேர்த்தா ஒத்துக்கிட்டாளா?"

"வாயைத் திறக்கலை," என்றாள் டாக்னி.

"அவ எப்ப திறந்திருக்கா?" என்று கோடரியைக் கட்டையில் குத்தி நிறுத்தினார்.

சமையலறையில் காப்பி வந்தது. நடுவில் சர்க்கரைக் கட்டிக் கிண்ணம். டோர்கெல் வழக்கப்படி ஒரு கட்டியைப் பல்லிடுக்கில் வைத்துக்கொண்டு காப்பியை உறிஞ்சினான். ஹோகனும் அப்படியே.

"உங்களுக்குச் சர்க்கரை ஆகுமா?" என்று டோர்கெல் கேட்டான்.

"விறகு வெட்டினவனுக்கு ஒரு கட்டி ரெண்டு கட்டி ஆகும், தம்பி. உடம்பைத் தெரிஞ்சவனுக்குக் கணக்கும் தெரியும்."

சுவரில் கழகத்தின் படங்கள். ஒன்றில் ஹோகன் நடுவில் உட்கார்ந்திருந்தார். பின்னால் பிள்ளைகள் வரிசையாக. ஓரத்தில் எலிஸ், தொப்பி நெற்றியில் ஏறிப்போய், எதற்கோ சிரித்துக்கொண்டு. முன்னால் இதே நாய். அதன் முன்னங்கால் ஹோகனின் முழங்காலில் இருந்தது.

"நாய் பேரு என்ன?"

"கிரிம்."

"ஞாயித்துக்கிழமை நடந்ததை இன்னொரு தடவை சொல்லுங்க."

சொன்னார். நன்றாகவே சொன்னார். கூடாரம், மேர்த்தாவின் முகம், சூப்பின் சூடு. நடுவில் கிரிம் எழுந்து வந்து அவர் முழங்காலில் ஒரு கால் வைத்தது. அவர் பேச்சை நிறுத்தாமலே கை நீட்டி ஒரு கட்டியை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். நாய் படுத்துக்கொண்டது.

டாக்னி இதைப் பார்த்தாள். சற்றுப் பொறுத்து நாய் மறுபடி எழுந்தது. முழங்காலில் கால். ஹோகனின் கை கிண்ணத்துக்கு நீண்டது.

கிண்ணம் அங்கே இல்லை. டாக்னி அதை இயல்பாகத் தன் பக்கம் இழுத்து, ஒரு கட்டியைத் தன் கோப்பையில் போட்டு, கையை அதன் மேலேயே வைத்திருந்தாள்.

"சொல்லுங்க. அப்புறம்?"

அவர் கை ஒரு கணம் மேசையில் தயங்கித் திரும்பிப் போனது. கேட்டு வாங்கலாம். கேட்கவில்லை. "அப்புறம் உடம்பு சொல்லிடுச்சு. கை நடுங்க ஆரம்பிச்சது. நெஞ்சு படபடன்னு..."

கிரிம் இரண்டு கால்களையும் அவர் மடியில் வைத்தது. முனகியது. அவர் தள்ளிவிட்டார். அது மறுபடி ஏறியது.

டாக்னி எதுவும் சொல்லவில்லை. ஹோகனும் பேச்சை விட்டுவிட்டார். நாயின் முனகல் மட்டும் அறையில் சுற்றிச் சுற்றி வந்தது. இல்வா ஊசிப்பெட்டியைத் திறந்து கையில் வைத்துக்கொண்டு டாக்னியின் முகத்தையே பார்த்தாள். கையை எடுக்க ஒரு நொடி போதும். ஆனால் டாக்னி எடுக்கவில்லை. சுவரில் எலிஸ் சிரித்துக்கொண்டிருந்தான். இந்த மௌனத்தில் ஓர் இனிப்பு இருந்தது. அது நாக்கில் பரவுவதை அவள் உணர்ந்தாள், உணர்ந்ததும் பயந்தாள்.

"இல்வா, குத்திப் பாருங்க," என்றாள்.

ஹோகன் எழப் பார்த்தார். டோர்கெல் அவர் தோளில் நட்பாகக் கை வைத்தான். "உக்காருங்க. கணக்குத் தெரிஞ்சவர்தானே. சரியா இருக்கான்னு பாத்துடலாம்."

இல்வா விரல் நுனியில் குத்தி, கருவியைப் பார்த்து, உதட்டைக் கடித்தாள். "ரொம்பக் கீழ. இந்த அளவுக்கு எனக்கு இறங்கியிருந்தா நாற்காலிய உலுக்கிக்கிட்டு இருப்பேன்."

"உங்க கோப்பையைப் பாருங்க," என்றாள் டாக்னி.

ஹோகனின் இடது கையில், இரண்டாம் முறை ஊற்றிய காப்பிக் கோப்பை விளிம்புவரை நிறைந்திருந்தது. மேலே ஓர் அலைகூட இல்லை. நெற்றியில் ஒரு பொட்டு வியர்வை இல்லை. கை கல்லாக இருந்தது.

டாக்னி கிண்ணத்தை அவர் முன்னால் தள்ளினாள். அவர் தொடவில்லை. இல்வாதான் இரண்டு கட்டிகளை எடுத்து அவர் வாயில் திணித்தாள்.

"கோப்பையைக் காட்டுல போட உங்களுக்கு மனசு வரலை," என்றாள் டாக்னி. "ஸ்ப்ரூஸ் அடியில கறை அப்படியே இருக்கு. நாக்குல ஒட்டலை. அதெல்லாம் சின்ன விஷயம். இப்ப எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லுங்க. உங்க உடம்பு கத்துமா, கத்தாதா?"

அவர் சர்க்கரையை மென்றார்.

"கத்தும்னா, ஞாயித்துக்கிழமை அது கத்தினப்பவே ஜெல்லைப் பிரிக்காம விழுந்தது நீங்களா தேடிக்கிட்டது. கத்தாதுன்னா, கத்தாத உடம்பும் இருக்குன்னு உங்களுக்குத் தெரியும். அதுக்குத்தான் இந்த நாய், சர்க்கரை இறங்கறதை மோந்து சொல்ல. அந்தப் படத்துல எலிஸ் உசுரோட இருக்கான். நாயும் அப்பவே இருக்கு."

டோர்கெல் மெதுவாகச் சொன்னான்: "நாய்க்குச் சம்மன் அனுப்பணுமா, தலைவி? நாளைக்கு வரச்சொல்லி?"

ஹோகன் குனிந்துகொண்டு பேசினார். குரல் தரையிலிருந்து வந்தது.

"கடைக்குப் போனா அங்க நிப்பா. பாதைக்குப் போனா அங்க நிப்பா. ஒரு வார்த்தை திட்ட மாட்டா. பாத்துக்கிட்டே நிப்பா. ரெண்டு வருஷமா கண்ணாலயே என்னைப் புதைச்சுக்கிட்டிருந்தா. நாளைக்கு அந்த வாயையும் திறக்கப் போறான்னு... அவ வாயை அடைக்கணும்னு தோணுச்சு. உள்ள தள்ளணும்னு தோணுச்சு."

"எலிஸோட ஜெல்?"

அவர் நாயின் தலையைத் தடவினார். டோர்கெல் எழுந்து அவருடைய கோட்டை எடுத்துக் கொடுத்தான்.

மாலை வெளிச்சம் போகுமுன் நிலையத்துக்குத் திரும்பினார்கள். மேர்த்தா காவல் அறையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். ஒல்லியான, நீண்ட கைகள். தம்பியின் அதே நெற்றி. டாக்னி எதிரே உட்கார்ந்து நடந்ததைச் சொன்னாள். டோர்கெல் வாசலில் பேனாவோடு நின்றான்.

"குடிக்கவே இல்லையா?" என்றாள் மேர்த்தா. கைதானதிலிருந்து அவள் பேசிய முதல் வார்த்தை அது.

"கொட்டிட்டார்."

அவள் முகத்தில் நிம்மதி வரும் என்று டோர்கெல் எதிர்பார்த்தான். வரவில்லை. வேறு ஏதோ ஒன்று வந்து, நின்று, போனது.

"அவர்தான் கேட்டார்," என்றாள். "உன் ஃபிளாஸ்க்லேர்ந்து ஊத்து, அது சூடா இருக்கும்னார். ஊத்தினேன்."

டாக்னி அடுத்த கேள்வியைக் கேட்கவில்லை. அது நாற்காலியில் மூன்றாவது ஆளாக வந்து உட்கார்ந்திருந்தது. டோர்கெல் தொண்டையைச் செருமினான். "தலைவி, காப்பி ஆறிடும்," என்றான். காப்பி எதுவும் இல்லை.

மேர்த்தா தானே சொன்னாள். "சர்க்கரை இல்லைன்னு நான் சொல்லலை. மறந்துடுச்சுன்னு நினைச்சேன் அவருக்கு. சொல்ல வாய் வரைக்கும் வந்தது. மூடிக்கிட்டேன். எலிஸ் பையைக் காலியாக்கிட்டு அவரும் இப்படித்தானே மூடிக்கிட்டார்னு தோணுச்சு."

டோர்கெலின் பேனா தாளைத் தொடவில்லை.

டாக்னி தன் வலது கையைப் பார்த்தாள். சர்க்கரைக் கிண்ணத்தின் மேல் இருந்த கை. பீங்கானின் குளிர்ச்சி இன்னும் விரலில் இருப்பது போல இருந்தது.

"குடிக்காத சூப்புக்குச் சட்டத்துல தண்டனை இருக்கான்னு வக்கீல்கிட்டதான் கேக்கணும்," என்றாள். "நாளைக்குக் காலையில நீ வெளியிலேர்ந்தே விசாரணைக்குப் போகலாம். இப்ப சொன்னதை அங்க சொல்லணும்னு கட்டாயம் இல்லை."

"சொல்லுவேன். முதல்ல இதைச் சொல்லிட்டுத்தான் ஜெல் விஷயத்தைச் சொல்லுவேன். அப்பதான் என் பேச்சுல ஓட்டை இருக்காது."

"அவர் எதிர்லயே உக்காந்திருப்பார்."

மேர்த்தா எழுந்தாள். தன் ஃபிளாஸ்கைக் கேட்டு வாங்கி, மூடியை இறுக்கித் திருகினாள்.

"உக்காந்திருக்கட்டும். நல்லவேளை குடிக்கலை," என்றாள். "செத்தவனுக்குக் காது கேக்காது."